இந்தியன் கிளாசெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன்: பழைய ட்ராப் மேலேயே வைக்கலாமா?

காவிரிக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு, கட்டி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறை, 5 அடிக்கு 7 அடி. கடைசிச் சுவரை ஒட்டி ஆறு அங்குலப் படி கட்டி அதன்மேல் இந்தியன் கிளாசெட் இருக்கிறது. அந்தச் சுவர் 9 அங்குல வெளிச்சுவர். அதற்கு வெளியே ஆறு அடியில் சேம்பர் (கழிவுக்குழாய்கள் வந்து சேரும், மூடியுள்ள தொட்டி), அங்கிருந்து செப்டிக் டேங்க்.

அப்பா, அம்மா இருவருக்கும் முழங்கால் தேய்மானம். குந்தி உட்கார முடியாததால் வெஸ்டர்ன் வைத்தாக வேண்டும். "பேசினை மட்டும் உடைச்சு எடுத்துட்டு, கீழ இருக்கிற ட்ராப் மேலேயே உட்கார வச்சு சிமென்ட் போட்டுடலாம், ஒரு நாள் வேலை" என்கிறார் பிளம்பர். இது சரியா? எந்த மாதிரி கிளாசெட் வாங்கலாம்? போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். மொட்டைமாடியில் நாலடி மேடைமேல் 1,000 லிட்டர் டேங்க். சுவரில் தொங்கும் மாடல் வைக்கச் சொல்லியும் சிலர் சொல்கிறார்கள்.

நிலத்தடிக்குழாய்

பழைய ட்ராப் மேல் வைக்கவே கூடாது. மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் இதை நிறுத்துங்கள்.

இந்தியன் பேசினுக்குள் ட்ராப் கிடையாது. நாற்றத்தைத் தடுக்கும் தண்ணீர் நிற்பது அதற்குக் கீழே தரைக்குள் தனியாகப் பதித்த வளைவில். வெஸ்டர்னில் அந்த வளைவு பீங்கானோடு சேர்த்தே வார்த்தது, குறைந்தது 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் அதிலேயே நிற்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் இரண்டு தண்ணீருக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ள முடியாமல் கிண்ணத்தில் ஏறி நிற்கும், அப்புறம் களக் களக்கென்று மெல்ல இறங்கும். பழைய தொட்டிகள் 10 லிட்டர் கொட்டின, இப்போதையவை பெரிய பட்டனுக்கு 6 லிட்டர், சின்னதற்கு 3. அந்த 6 லிட்டரின் வேகம் முதல் வளைவிலேயே தீர்ந்துவிடுவதால் கழிவு இரண்டாவது வளைவில் தங்கும். வைத்த நாளில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் காட்டினால் நன்றாகத்தான் போகும். அடைப்பு வருவது சில வாரம் கழித்து. அப்போது அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பியும் இரண்டு வளைவைத் தாண்டி நுழையாது, தரையை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே பேசின், படி, ட்ராப் மூன்றும் வெளியே வரட்டும்.

அடுத்தது, கழிவு எந்த வழியாக வெளியே போகப் போகிறது என்பது. அதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். தரைக்குள் இறங்குவது எஸ் ட்ராப், சுவர் வழியாக வெளியேறுவது பி ட்ராப். எஸ் ட்ராப் வாங்கினால் பின்சுவரிலிருந்து குழாய் நடுப்புள்ளி வரையுள்ள தூரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நம் கடைகளில் 4, 6, 9, 12 அங்குலத்துக்கு மாடல்கள் கிடைக்கின்றன. 9 அங்குலக் கிளாசெட்டை 12 அங்குலக் குழாயில் வைத்தால் பின்னால் மூன்று அங்குலச் சந்து நிற்கும், மாற்றி வாங்கினால் கிளாசெட் சுவரில் முட்டும். அந்தத் தூரத்தை டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து அளக்க வேண்டும். செங்கல்லிலிருந்து அளந்துவிட்டு அதன்மேல் பூச்சும் டைல்ஸும் ஏற்றினால் ஒரு அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். கிளாசெட்டைத் திருப்பிக் கொடுக்கும் கதைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

உங்களுக்கு வெளிச்சுவரும் பக்கத்திலேயே சேம்பரும் இருப்பதால் பி ட்ராப் என்பதே என் கருத்து. முடித்த தரையிலிருந்து துளையின் நடு ஏறக்குறைய 180 மி.மீ. உயரத்தில் வரும். மாடலுக்கு மாடல் சில மி.மீ. வித்தியாசம் உண்டு, பெட்டியோடு வரும் வரைபடத்தைப் பார்த்தே துளை போடுங்கள். தரைக்குள் பழைய குழாயை நம்பி இருக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு லாபம். அந்தக் காலத்து வீட்டில் அது சிமென்ட் வைத்து இணைத்த மண்குழாயாக இருக்கலாம், இணைப்புகளில் வேர் புகுந்திருக்கலாம்.

இப்போதைய பேசினின் நடு, பக்கச்சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? அதையும் அளந்து சொல்லுங்கள்.

பீங்கான்மேசை

எந்த மாடல் என்று கேட்டதற்கு: வாஷ் டவுன் வகை, தரையில் நிற்கும் இரண்டு துண்டு (கிண்ணமும் ஃப்ளஷ் தொட்டியான சிஸ்டர்னும் தனித்தனி), பி ட்ராப். இதையே வாங்குங்கள்.

வாஷ் டவுன் என்றால் தண்ணீர் மேலிருந்து அடித்துக் கழிவைத் தள்ளும், உள்வளைவு அகலம். சைஃபானிக் வகையில் உறிஞ்சி இழுக்கும், சத்தம் குறைவு, கிண்ணத்தில் தண்ணீர்ப் பரப்பும் பெரிது. ஆனால் அந்த உறிஞ்சலுக்காகவே வளைவை ஒடுக்கமாக வைத்திருப்பார்கள். பலர் புழங்கும் வீட்டில் அடைப்பு சீக்கிரம் வரும், பெரும்பாலும் எஸ் ட்ராப்பில்தான் கிடைக்கும்.

ஒரே துண்டாக வருவது பார்க்க அழகு, துடைக்கவும் எளிது. ஆனால் கனம் அதிகம், உள்ளே இருக்கும் ஃபிட்டிங் அந்தக் கம்பெனிக்கே உரியதாக இருந்துவிடும். உப்புத் தண்ணீரில் தொட்டியை நிரப்பும் ஃபில் வால்வும் அதைக் கிண்ணத்துக்குத் திறந்துவிடும் ஃப்ளஷ் வால்வின் ரப்பரும்தான் அடிக்கடி மாற்ற வேண்டியவை. இரண்டு துண்டு மாடலுக்கு உங்கள் ஊர்க் கடையிலேயே பாகம் கிடைக்கும். வாங்கும் முன்பே கடைக்காரரிடம் "இதன் ஃபில் வால்வும் சீட் கவர் கீலும் தனியாக இருக்கா, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். பாரிவேர், ஹிண்ட்வேர், செரா எதுவானாலும் சரி, உங்கள் ஊரில் எதற்குப் பாகம் கிடைக்கிறதோ அதுவே உங்களுக்கு நல்ல கம்பெனி. சீட் கவரில் யூ.எஃப். (யூரியா ஃபார்மால்டிஹைடு) என்பது கெட்டி, எளிதில் கீறல் விழாது. பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) லேசு, நாளடைவில் மஞ்சளிக்கும். பெரியவர்கள் உட்காரும்போது சீட் பக்கவாட்டில் நகரக் கூடாது என்பதால் யூ.எஃப். நல்லது, மெதுவாக மூடும் கீலோடு.

உயரத்தை அம்மாவையும் அப்பாவையும் வைத்தே தீர்மானியுங்கள். சாதாரண மாடலில் சீட்டோடு 16 அங்குலம் வரும், உயரமான மாடலில் 17 முதல் 18. முழங்கால் வலிக்கு உயரம் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு 18 வாங்காதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளங்கள். இருவரில் குட்டையானவரின் அளவைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பாதம் முழுவதும் தரையில் பதியாவிட்டால் தொடை மரத்துப்போகும், எழும்போது முன்னால் சறுக்கும்.

டேங்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். உங்கள் வீட்டில் கிடைப்பது மூன்றரை மீட்டர் அளவு, அதாவது 0.35 பார். சிஸ்டர்ன் உள்ள கிளாசெட்டுக்கு இது போதும், தொட்டி நிரம்பக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவே. ஃப்ளஷின் வேகத்தைத் தருவது சிஸ்டர்னில் நிற்கும் தண்ணீர், மாடி டேங்க் அல்ல. ஆனால் சிஸ்டர்ன் இல்லாமல் சுவரில் அழுத்தும் ஃப்ளஷ் வால்வு வகைக்கு இந்த அழுத்தம் பொதுவாகப் பற்றாது. அதை யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள்.

காவிரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்தேன். பேசினின் நடு பின்சுவரிலிருந்து 14 அங்குலம், இடப்பக்கச் சுவரிலிருந்து 12 அங்குலம். அம்மாவின் முழங்கால் மடிப்பு 15½, அப்பாவுக்கு 17. பி ட்ராப் என்றால் சுவருக்கு வெளியே குழாயை எப்படிக் கொண்டுபோவது? உள்ளே பொருத்தும் வேலையை வரிசையாகச் சொன்னால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். தொங்கும் மாடல் பற்றியும் ஒரு வார்த்தை.

நிலத்தடிக்குழாய்

14 அங்குலத்துக்கு எந்த எஸ் ட்ராப்பும் நேராகப் பொருந்தாது. பக்கச்சுவரிலிருந்து 12 என்பதும் போதாது. குந்துவதற்குச் சரி, உட்கார்ந்தால் தோளும் முழங்கையும் சுவரில் இடிக்கும். நடுவிலிருந்து பக்கச்சுவருக்கு 15 அங்குலம் குறைந்தபட்சம், பெரியவர்களுக்கு 18 வையுங்கள். 5 அடி அகலத்தில் மறுபக்கம் நடுவிலிருந்து 42 அங்குலம் மிஞ்சும், குளிக்க அது தாராளம். முன்னால் இரண்டு அடி வெறுமையாக இருக்க வேண்டும், உங்கள் 7 அடியில் அதுவும் இருக்கிறது. புதுத் துளை போடுவதால் இந்த மாற்றம் எளிதாகவே அமையும். உயரம் 16 அங்குலம் எடுங்கள், அப்பாவுக்குக் கைப்பிடி ஈடுகட்டும்.

வெளி வேலை: 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுக்கும் மழைநீருக்குமான) பி.வி.சி. குழாய், ஐ.எஸ். 13592, 'டைப் பி' என்று குழாய்மேல் அச்சிட்டிருக்கும். டைப் ஏ மெல்லியது, மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உரியது, இதற்கு வாங்காதீர்கள். சுவரைத் தாண்டியதும் கதவுள்ள வளைவு, அதாவது டோர் பென்ட் போடுங்கள். பின்னால் அடைப்பு வந்தால் நாலு ஸ்க்ரூ கழற்றிக் கம்பி விடலாம். அங்கிருந்து கீழே இறங்கி, அகல வளைவோடு சேம்பர் நோக்கித் திரும்ப வேண்டும். சரிவு 40-க்கு 1 முதல் 60-க்கு 1. ஆறு அடி ஓட்டத்துக்கு ஒன்றரை அங்குல இறக்கம் போதும். கூட்டிச் சரித்தால் வேகமாகப் போகும் என்று சிலர் ஆறு அங்குலம் இறக்குகிறார்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், கட்டி பின்தங்கிக் காயும். டோர் பென்ட்டுக்கு மேலே ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) வைத்து காற்றுக்குழாயை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் இரண்டு அடி ஏற்றி, உச்சியில் கவுல் என்கிற துளையுள்ள மூடி மாட்டுங்கள். காற்றுக்குழாய் இல்லாவிட்டால் ஃப்ளஷ் இழுக்கும் இழுப்பில் ட்ராப்புத் தண்ணீரே உறிஞ்சப்பட்டு அறையில் நாற்றம் வரும்.

குளிக்கும் தண்ணீர் போகும் நஹானி ட்ராப் குழாயை இந்தக் குழாயில் சேர்க்க விடாதீர்கள். அது தனியாக கல்லி ட்ராப் (வெளியே தரையில் பதிக்கும், தண்ணீர் நிற்கும் ட்ராப்) வழியே போகட்டும்.

உள்ளே: ட்ராப்பைத் தோண்டி எடுக்கும்போதே பழைய குழாயின் வாயில் சாக்குத்துணியைத் திணித்துவிடுங்கள். உடைந்த செங்கல் உள்ளே விழுந்தால் சேம்பர்வரை தேட வேண்டிவரும். பிறகு அந்தக் குழாயை மூடியும் கான்கிரீட்டும் போட்டு அடைக்கவும். சேம்பரில் அதன் மறுமுனையையும் பூசிவிட வேண்டும், இல்லையென்றால் எலியும் கரப்பானும் அதில் குடியேறும். ட்ராப் இருந்த குழி இரண்டு அடிக்கு மேல் இருக்கும். மண்ணை மொத்தமாகக் கொட்டி மூடாதீர்கள். அரை அடிக்கு ஒரு தடவை மணல் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடியுங்கள். மேலே நாலு அங்குலக் கான்கிரீட். கிளாசெட் நிற்கப் போவது சரியாக இந்த இடத்தில்தான். பிற்பாடு குழி ஒரு நூல் அளவு இறங்கினாலும் கிளாசெட் ஆடும், ஆடினால் சுவர் இணைப்பில் கசியும். கான்கிரீட் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் குடிக்கட்டும், பிறகு நீர்க்காப்புப் பூச்சு, அதன்மேல் டைல்ஸ். ஆக, ஒரு நாள் வேலை இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு, பெரியவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

தொங்கும் மாடலில் ஒரு உண்மையான வசதி உண்டு: உயரத்தை வேண்டியபடி வைக்கலாம், கீழே தரையும் துடைக்கலாம். நல்ல இரும்புச் சட்டத்தோடு வைத்தால் 400 கிலோ சோதனை எடையைத் தாங்கும். ஆனால் சட்டத்தின் கால்கள் கான்கிரீட்டில் ஊன்ற வேண்டும். சட்டத்தை மறைக்க முன்னால் தனிச்சுவர் எழுப்பினால் அறையில் ஆறு முதல் எட்டு அங்குலம் போகும். உப்பு படியும் வால்வை ஃப்ளஷ் பிளேட் ஓட்டை வழியாகத்தான் கையைவிட்டுக் கழற்ற முடியும். உங்கள் தண்ணீருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ரசமட்டம்

கிளாசெட்டை உட்காரவைப்பதை மட்டும் நான் எழுதுகிறேன். பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள்.

முதலில் சிமென்ட். கிளாசெட்டின் அடிக்குழியில் சிமென்ட் கலவையை நிரப்பி அழுத்தி உட்காரவைப்பது இன்றும் பல கொத்தனார்களின் பழக்கம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கலவை இறுகும்போது பீங்கானை இறுக்கிப் பிடிக்கும், அடிப்பாகத்தில் மயிரிழை விரிசல் விழும். நாளைக்கு ஒரு இணைப்பைப் பார்க்க வேண்டுமென்றாலும் கிளாசெட்டை உடைக்காமல் எடுக்க முடியாது. பிளக்கும் போல்ட்டும் பெட்டியிலேயே வருகின்றன, அதைக்கொண்டு பிடித்தால் போதும்.

சுவரில் பி.வி.சி. குழாயின் வாய் டைல்ஸோடு சமமாக முடியட்டும். அதற்கும் கிளாசெட்டின் வாய்க்கும் நடுவில் பான் கனெக்டர் என்கிற ரப்பர் இணைப்பு வரும். நடு நேராக இருந்தால் நேர் கனெக்டர், கொஞ்சம் விலகியிருந்தால் 20 அல்லது 40 மி.மீ. விலகலுக்கென்றே தனி கனெக்டர் கிடைக்கிறது. நேர் கனெக்டரை வளைத்து இழுத்து மாட்டினால் ஒரு பக்க உதடு தூக்கிக்கொள்ளும், கசிவு அங்கிருந்து வரும். மாட்டும்போது உதட்டில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊதவைக்கும்.

முதலில் எதுவும் ஒட்டாமல் கிளாசெட்டை வைத்துப் பாருங்கள். ரசமட்டத்தைக் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு திசையிலும் வையுங்கள். குளியலறைத் தரை நஹானி பக்கம் சரிந்திருப்பதால் ஒரு மூலை தூக்கும். அந்த மூலைக்கடியில் பிளாஸ்டிக் ஆப்பு வையுங்கள், போல்ட்டை முறுக்கி இறக்கப் பார்த்தால் பீங்கான் பிளக்கும். மட்டம் சரியானதும் போல்ட் துளையையும் அடியின் சுற்றளவையும் பென்சிலால் குறித்துக் கிளாசெட்டை எடுத்துவிடுங்கள். டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லில் ஹேமரைப் போடாமல் ஓட்ட வேண்டும். தாண்டிய பிறகு போடலாம். துளைத்த பொடியை ஊதி எடுத்துவிட்டு, துளைக்குள் கொஞ்சம் சிலிக்கான் விட்டுப் பிளக்கை அடியுங்கள். நீர்க்காப்புப் பூச்சில் நாமே போட்ட ஓட்டை அது, அடைக்காமல் விடக் கூடாது. போல்ட்டைக் கையால் முறுக்கி, வாஷர் பீங்கானைத் தொட்டபின் இரு பக்கமும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கவும். ஆட்டம் நின்றதும் நிறுத்துங்கள்.

சிஸ்டர்னுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் வரும் தடித்த ஸ்பாஞ்ச் வாஷர் மடங்காமல் இருக்கிறதா என்று பார்த்து, அந்த இரண்டு போல்ட்டையும் அதேபோல மாறி மாறி இறுக்குங்கள். இரண்டு துண்டு மாடலில் தரை நனைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. ஆங்கிள் காக் (சிஸ்டர்னுக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் குழாய்) அரை அங்குலம், தரையிலிருந்து எட்டு அங்குல உயரத்தில், பின்சுவரில் கிளாசெட்டின் இடப்பக்கமாக. மரையில் டெஃப்ளான் டேப்பை எட்டு, பத்துச் சுற்று. கனெக்‌ஷன் பைப் 18 அங்குலம். ஃபில் வால்வின் மரை பிளாஸ்டிக், அங்கே ஸ்பேனர் வேண்டாம், கை இறுக்கமே போதும். ஹெல்த் ஃபாசெட் வலக்கைப் பக்கம், அதற்குத் தனி ஆங்கிள் காக் கொடுங்கள்.

கடைசியாக அடியைச் சுற்றி சிலிக்கான். பூஞ்சை பிடிக்காத, நியூட்ரல் வகை. வெள்ளை சிமென்ட் ஆறு மாதத்தில் வெடித்துக் கறுக்கும். பின்பக்கம் இரண்டு அங்குலம் மட்டும் சிலிக்கான் இல்லாமல் விடுங்கள். உள்ளே இணைப்பு கசிந்தால் அங்கே தண்ணீர் எட்டிப்பார்க்கும். முழுக்க அடைத்துவிட்டால் வெளியே தெரியாமல் தரைக்குள் இறங்கும். 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது.

பீங்கான்மேசை

ரசமட்டம் அண்ணா சொன்னதில் கடைசி விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. காய்ந்த தரையுள்ள கழிப்பறைக்கு இரண்டு அங்குல இடைவெளி சரி. இவர்கள் அறையில் குளியலும் சேர்ந்திருக்கிறது. தினமும் வாளித் தண்ணீர் சுவரோரமாக ஓடி அந்த இடைவெளியில் புகுந்து அடிக்குழியில் தேங்கும், வெளியே வர வழியில்லாமல் நாற்றமெடுக்கும். பி ட்ராப்பில் இணைப்பு கிளாசெட்டுக்குப் பின்னால், தரைக்கு மேலேயே கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால் கசிவைக் கண்டுபிடிக்க இடைவெளி தேவையும் இல்லை. இவர்கள் முழுக்கவே அடைக்கலாம்.

ரசமட்டம்

பி ட்ராப்புக்கு நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். இணைப்பு கிளாசெட்டின் அடியில் மறைந்திருக்கும் எஸ் ட்ராப்புக்கு என் பேச்சு நிற்கட்டும்.

கைப்பிடி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நினைத்துவிடாதீர்கள், முழு உடல் எடையும் தொங்கினால் பெயர்ந்து வரும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 32 மி.மீ. விட்டம், இடப்பக்கச் சுவரில் தரையிலிருந்து 27, 28 அங்குல உயரத்தில் படுக்கையாக ஒன்று. கிளாசெட்டின் முன்விளிம்புக்குச் சற்று முன்னால் நிமிர்ந்தபடி இன்னொன்று, எழும்போது பிடித்து இழுக்க. ஆங்கர் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இரண்டு அங்குலமாவது இறங்க வேண்டும், செங்கல் சந்துக் கலவையில் விழக் கூடாது. டைல்ஸ் ஒட்டும் முன்பே செங்கல் வரிசையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் துளை போடும்போது உதவும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் இந்த வேலையோடு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது.

நிலத்தடிக்குழாய்

வேலை முடிந்து கூலி கொடுக்கும் முன் இரண்டு சோதனை. கிண்ணத்தில் எட்டு, பத்துத் தாள் துண்டுகளைக் கசக்கிப் போட்டு பெரிய பட்டனை அழுத்துங்கள். எல்லாம் ஒரே ஃப்ளஷில் போய், சேம்பரைத் திறந்து பார்த்தால் அங்கே வந்திருக்க வேண்டும். அடுத்து சிஸ்டர்னில் கேசரிப் பவுடரைக் கொஞ்சம் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். கிண்ணத் தண்ணீரில் நிறம் இறங்கினால் ஃப்ளஷ் வால்வின் ரப்பர் சரியாக உட்காரவில்லை. அதை அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள், இரவெல்லாம் ஒழுகி மாடி டேங்க்கைக் காலி செய்துவிடும்.

உப்புத் தண்ணீருக்கு: மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆங்கிள் காக்கை மூடி, ஃபில் வால்வின் வாயில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள். தொட்டி நிரம்ப நேரமாகிறது என்றால் பெரும்பாலும் அந்த வலைதான் அடைத்திருக்கும். கிண்ணத்தின் வெள்ளைப் படிவுக்கு சிட்ரிக் ஆசிட் உப்பு, அதாவது எலுமிச்சை உப்பு, இரவில் போட்டுக் காலையில் பிரஷ். பாத்ரூம் ஆசிட் ஊற்ற வேண்டாம். அது ஆங்கிள் காக்கின் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்கின் சிமென்ட்டையும் தின்னும். செப்டிக் டேங்க்குக்குப் போனால் கழிவை மட்கச்செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும். சிஸ்டர்னுக்குள் போடும் நீல மாத்திரையும் வேண்டாம், அதில் குளோரின் இருந்தால் ரப்பரை விறைக்கவைக்கும்.

பிளம்பரிடம் பேசும்போது "பழைய ட்ராப்பை எடுத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் குழியை மூட வேண்டும்" என்பதை மட்டும் முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள். மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது.